குடல் அழற்சி நோயோடு மூட்டு வலியும் இருந்தால்: ஜெல், மாத்திரை, ஒத்தடப் பை, முழங்கால் உறை (நீ கேப்) – ஒரு மதிப்பீடு

வலிக்கென்று விற்கும் பெட்டிகளில் எதை எடுத்தாலும் முகப்பில் ஒரே வாசகம்தான்: மூட்டு வலி, தசை வலி, முதுகு வலி, சுளுக்கு. குடல் அழற்சி நோயின் இரு வகைகளான கிரோன் நோயோ அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ உள்ளவர்கள் அந்த முகப்பைப் பார்த்து வாங்கக் கூடாது. பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பட்டியலைப் படித்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். ஒரே மாதிரி இரண்டு பெட்டிகளில் ஒன்று குடலுக்கு எந்தத் தொந்தரவும் தராது, இன்னொன்று அடங்கிக் கிடந்த குடலைக் கிளப்பிவிடும். எனவே இங்கே ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு மதிப்பெண்: வலிக்கு எவ்வளவு உதவுகிறது, குடலை என்ன செய்கிறது.

அதற்கு முன் எந்த வலி என்று பிரித்துக்கொள்ள வேண்டும். குடல் அழற்சி நோயில் குடலுக்கு வெளியே வரும் தொந்தரவுகளில் மூட்டுத் தொந்தரவுதான் அதிகம். ஆனால் எல்லாம் ஒரே வகை அல்ல. முழங்கால், கணுக்கால் போன்ற பெரிய மூட்டுகளில், ஐந்துக்கும் குறைவான இடங்களில் வீங்கி, குடல் நோய் ஏறும்போது ஏறி இறங்கும்போது இறங்குவது ஒரு வகை. இது பெரும்பாலும் பத்து வாரத்துக்குள் அடங்கும். கைவிரல் போன்ற சிறு மூட்டுகள் பலவற்றில் வந்து, குடல் எப்படி இருந்தாலும் தன் போக்கில் மாதக்கணக்கில் நீடிப்பது இரண்டாவது வகை. மூன்றாவது, இடுப்பின் பின்பக்கமும் முதுகுத்தண்டும் பிடிப்பது. பின்னிரவில் எழுப்பிவிடும், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்துக் கிடக்கும், படுத்தால் கூடும், நடந்தால் குறையும். இவை தவிர குதிகால் பின்பக்கம் தசைநாண் எலும்போடு சேரும் இடத்தில் குத்தும் வலி, வீக்கமே இல்லாத வெறும் குடைச்சல், சத்துக் குறைவால் வரும் தசைப் பிடிப்பு, மருந்தால் வரும் வலி என்று வரிசை நீளும். முழங்காலுக்கு நன்றாக வேலை செய்யும் ஜெல் இடுப்புக்கு ஒன்றுமே செய்யாமல் போவது இதனால்தான்.

முதலில் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தின் ஜெல். அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் தவறாகப் பயன்படுவதும் இதுதான். 'டைக்ளோஃபினாக் மாத்திரை வேண்டாம் என்றார்களே, ஜெல் பூசலாமா?' என்பது நியாயமான கேள்வி. 1 சதவீத ஜெல்லை ஒரு முழங்காலில் முழு அளவு பூசினால், இரத்தத்துக்குள் போகும் மருந்து மாத்திரையால் போவதில் ஏறத்தாழ 6 சதவீதம்தான். இரண்டு முழங்கால், இரண்டு கை என்று எல்லா இடத்திலும் முழு அளவு பூசினால் அது 20 சதவீதத்துக்குப் போகிறது. எனவே ஓரிரு மூட்டுகளுக்குச் சில நாள் என்றால், நோய் அடங்கியிருக்கும் பெரும்பாலானோருக்கு இது மாத்திரையைவிட எவ்வளவோ மேல். உடம்பெல்லாம் பூசிக்கொள்ள இது தைலம் அல்ல. நோய் ஏறியிருக்கும் நேரத்தில் குடல் மருத்துவரைக் கேட்காமல் இதையும் தொடங்க வேண்டாம்.

அளவு இப்படி: முழங்கால், கணுக்கால், பாதம் என்றால் ஒரு முறைக்கு 4 கிராம். முழங்கை, மணிக்கட்டு, கை என்றால் 2 கிராம். ஒரு நாளைக்கு நான்கு முறை. எல்லா மூட்டும் சேர்த்து நாளொன்றுக்கு 32 கிராமைத் தாண்டக் கூடாது. 4 கிராம் என்பது பலர் நினைப்பதைவிட மிக அதிகம். பெட்டியில் அளவு அட்டை இருந்தால் அதன் மேல் பிதுக்கிப் பாருங்கள், ஏறக்குறைய நாலரை அங்குல நீளத்துக்கு வரும். கணக்குப் போட்டால் ஒரு முழங்காலுக்கே நாளொன்றுக்கு 16 கிராம். 30 கிராம் டியூப் இரண்டு நாளுக்குக்கூட வராது. பட்டாணி அளவு எடுத்துத் தடவிவிட்டு 'ஜெல் வேலை செய்யவில்லை' என்று சொல்பவர்கள் பலர். அவர்கள் சரியான அளவைப் போட்டுப் பார்த்ததே இல்லை.

பூசும் முறையும் முக்கியம். சுத்தமான, காய்ந்த தோலில் மூட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் மெல்லத் தேய்க்க வேண்டும், வலிக்கும் ஒரு புள்ளியில் மட்டும் அல்ல. பத்து நிமிடம் கழித்துத் துணி போடலாம். ஒரு மணி நேரம் குளிக்க வேண்டாம். கையில் வலி என்று கைக்கே பூசியிருந்தால் ஒரு மணி நேரம் கழுவாமல் விடுங்கள். மற்ற இடத்தில் பூசினால் உடனே கையைக் கழுவிவிடுங்கள். ஜெல் பூசிய இடத்தின் மேல் ஒத்தடம் கொடுப்பதும், பிளாஸ்டிக் உறையோ இறுக்கமான கட்டோ போடுவதும் கூடாது. சூடும் மூடலும் உள்ளே போகும் மருந்தின் அளவைக் கூட்டிவிடும், குடல் நோயாளி தவிர்க்கப் பார்ப்பதே அதைத்தான். பலன் தெரிய ஏழு நாள் வரை ஆகலாம். டாக்டரிடம் கேட்காமல் 21 நாளுக்கு மேல் தொடர வேண்டாம். ஸ்டோமா பை (வயிற்றில் போட்ட துளை வழியே மலம் சேரும் பை) வைத்திருப்பவர்கள் ஜெல் பட்ட கையோடு பையை மாற்றாதீர்கள்; எண்ணெய்ப் பசை பட்டால் பை தோலில் ஒட்டாது.

இடுப்பு, முதுகுத்தண்டு வலிக்கு இந்த ஜெல்லில் காசைப் போட வேண்டாம். மூட்டு ஆழத்தில் இருக்கிறது, தோல் மேல் பூசுவது அங்கே போய்ச் சேராது. கைக்கும் முழங்காலுக்கும் நல்ல மதிப்பெண், மற்றதற்கு இல்லை.

வாங்கும்போது இன்னொன்று. 'டைக்ளோஃபினாக் ஜெல்' என்று விற்கும் பலவற்றில் கூடவே மீத்தைல் சாலிசிலேட்டும் மென்தாலும் இருக்கும். மீத்தைல் சாலிசிலேட் ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது, தோல் வழியாக உள்ளே போகக்கூடியது. சுருக்கென்று ஏறும் வாசனைத் தைலங்கள் பெரும்பாலானவற்றில் இதுதான் முக்கியச் சரக்கு. சிறு இடத்தில் எப்போதாவது பூசினால் பெரிய கவலை இல்லை. தினமும் முதுகு முழுக்கப் பூசுவது, மேலே வெந்நீர்ப் பை வைப்பது, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர் பூசுவது மூன்றும் தவறு. வார்ஃபரினோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு வரை போகலாம். மென்தால் மட்டும் உள்ளது குடலுக்குக் கெடுதல் செய்யாது. அது தரும் குளிர்ச்சி அந்த நேரத்துக்கு வலியை மறக்க வைக்கும், வீக்கத்தைத் தொடாது.

கேப்சைசின் கிரீம் மிளகாயின் காரப்பொருளால் ஆனது, பொதுவாக 0.025 முதல் 0.075 சதவீதம். குடலைப் பொறுத்தவரை இது பாதுகாப்பான பக்கம். ஆனால் பொறுமை வேண்டும்: தினம் மூன்று நான்கு முறை, ஓரிரு வாரம் தவறாமல் பூசினால்தான் பலன் தெரியும். முதல் சில நாள் எரியும். வலிக்கும்போது மட்டும் பூசினால் எரிச்சல்தான் மிஞ்சும். சுடுநீரில் குளித்த உடனே பூசினால் எரிச்சல் தாங்காது. கையுறை போட்டுப் பூசுங்கள். அந்த விரல் கண்ணில் பட்டால் பெரும் அவதி.

எந்தக் கிரீமைத் தேய்ப்பதற்கும் முன் தோலைப் பாருங்கள். முன்னங்காலில் தொட்டால் வலிக்கும் சிவந்த கட்டிகள் இருந்தால் அது தசை வலி அல்ல. குடல் அழற்சி நோயோடு வரும் எரிதீமா நோடோசமாக இருக்கலாம். தேய்த்துக் கரைக்கப் பார்க்கக் கூடாது. குடல் நோயை அடக்கினால்தான் அதுவும் அடங்கும்.

மாத்திரைகளுக்கு வருவோம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், நாப்ராக்சன், அசிக்ளோஃபினாக் எல்லாம் ஒரே குடும்பம். குடலின் உள்சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின்களையும் சேர்த்துக் குறைத்துவிடுபவை. சாப்பிட்ட எல்லோருக்கும் நோய் கிளம்பும் என்றில்லை, ஆனால் யாருக்குக் கிளம்பும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. 'வயிற்றில் கரையாத மேல்பூச்சு உள்ளது, அதனால் பாதுகாப்பு' என்ற வாதம் இங்கே எடுபடாது. அந்தப் பூச்சு இரைப்பையைத்தான் காக்கிறது, மாத்திரை கரைவதே குடலில்தான். ஆசனவாயில் வைக்கும் வடிவம் இன்னும் மோசம், மருந்து நேரே மலக்குடலில் இறங்குகிறது. செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப் ஆகியவை இந்தக் குடும்பத்தில் சற்று மென்மையானவை. நோய் அடங்கியிருந்த அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளுக்கு செலிகாக்சிப் 14 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட நோய் அதிகம் திரும்பவில்லை. ஆனால் அது டாக்டர் எழுதிக் கொடுத்து, குறைந்த நாளுக்கு, நோய் அடங்கியிருக்கும்போது மட்டும். அந்த ஆய்வை ஆதாரமாகக் காட்டி மாதக்கணக்கில் சாப்பிடுவது அபாயம்.

மாத்திரைகளில் பாராசிட்டமால் முதல் இடத்தில் இருப்பது அது வலிமையானது என்பதால் அல்ல, குடலைச் சீண்டாது என்பதால். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் முதல் 1 கிராம் வரை, இரண்டு வேளைக்கு இடையில் குறைந்தது நான்கு மணி நேரம், நாளொன்றுக்கு மொத்தம் 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்த எடை, கல்லீரல் கோளாறு, மதுப்பழக்கம் இருந்தால் இதைவிடக் குறைக்க வேண்டும். பித்தநாள அழற்சி உள்ள கொலைட்டிஸ் நோயாளிகள் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும். வீங்கிய மூட்டின் அழற்சியை இது குறைக்காது. வெறும் குடைச்சலுக்கும் தூக்கம் கெடுக்கும் வலிக்கும் ஓரளவு கைகொடுக்கும்.

இங்கேயும் மாத்திரை அட்டையைப் படிக்க வேண்டும். பாராசிட்டமாலோடு ஐபுப்ரோஃபெனோ அசிக்ளோஃபினாக்கோ சேர்ந்த கூட்டு மாத்திரைகள் ஏராளம், பெயரை மட்டும் பார்த்தால் தெரியாது. சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும், இரண்டையும் சாப்பிட்டால் கணக்கு தாண்டிவிடும். நீரில் கரைத்துக் குடிக்கும் நுரை மாத்திரையில் பெரும்பாலும் ஒன்றுக்கு 400 மில்லிகிராம் அளவுக்கு சோடியம் இருக்கும். நாளுக்கு எட்டு போட்டால் 3 கிராமைத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பே 2 கிராம்தான். ஸ்டீராய்டு சாப்பிட்டு உடம்பு நீர் கோத்திருப்பவருக்கு இது சுமை. திரவ மருந்தில் சார்பிட்டாலோ மால்டிட்டாலோ இருந்தால் பேதி கூடும். நீண்ட நேரம் மெதுவாகக் கரையும் வகை, இலியோஸ்டமி (சிறுகுடலை வயிற்றுத் துளைக்குக் கொண்டுவரும் அறுவை) செய்தவர்களுக்கும் சிறுகுடல் பெரிதும் வெட்டப்பட்டவர்களுக்கும் ஒத்துவராது. கரைவதற்குள் வெளியே வந்துவிடும், சில நேரம் பைக்குள் முழுதாகவே கிடக்கும். அதை இடித்துப் போடவும் கூடாது, சாதாரண வகைக்கு மாறுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோப்ரின், ஸ்டீராய்டு, உயிரியல் ஊசி போன்றவற்றில் இருப்பவர்கள் மாத்திரை போடும் முன் காய்ச்சல் அளவைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிட்டால் தொற்று தெரியாமல் போகும்.

அபின் வகை வலி மருந்துகளான டிரமடால், கோடீன் ஆகியவற்றை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கடும் கொலைட்டிஸ் நேரத்தில் குடல் அசைவைக் கட்டிப்போட்டுப் பெருங்குடலை உப்ப வைக்கும் அபாயம் இவற்றில் உண்டு. நீண்ட நாள் சாப்பிட்டால் இவையே வயிற்று வலியை உண்டாக்கும்.

வெந்நீர்ப் பை எளிமையானதுதான். முதுகும் இடுப்பும் விறைக்கும் வகைக்கு, காலையில் உடற்பயிற்சிக்கு முன் 15 முதல் 20 நிமிட ஒத்தடம் போல உதவுவது இந்தப் பட்டியலில் குறைவு. கொதிநீர் ஊற்றாதீர்கள், மூன்றில் இரண்டு பங்கு நிரப்பிக் காற்றை வெளியேற்றி மூடுங்கள், துணி உறை போடுங்கள், மேலே படுக்காதீர்கள். ரப்பர் பைகள் பலவற்றில் பூப்போன்ற ஒரு முத்திரை இருக்கும். நடுவில் உள்ள எண் தயாரித்த ஆண்டு. இரண்டு ஆண்டு ஆனதும் தூக்கிப் போடுவது நல்லது, ஏனெனில் ரப்பர் வெடிப்பது மடிப்பில்தான் தொடங்கும், வெளியே தெரியாது. ஸ்டீராய்டால் தோல் மெலிந்தவருக்குச் சூடு சீக்கிரம் பட்டுவிடும். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தை நீண்ட நாள் சாப்பிட்டதாலோ பி12 குறைவாலோ பாதம் மரத்திருந்தால் சூடே உறைக்காது, அங்கே ஒத்தடம் வேண்டாம். வயிற்றிலும் இடுப்பிலும் தினமும் வைப்பவர்கள் தோலில் வலை போலப் பழுப்புக் கோடுகள் விழுந்தால் நிறுத்த வேண்டும். சூட்டினாலேயே வரும் தழும்பு அது.

சிவந்து, தொட்டால் சுடும் மூட்டுக்குச் சூடு ஆகாது. துணியில் சுற்றிய ஐஸ் 10 முதல் 15 நிமிடம், அவ்வளவுதான்.

நீ கேப்பும் மணிக்கட்டுப் பட்டையும் அளவு பார்த்து வாங்கினால் நடக்கும்போது தெம்பு தரும், அளவு தவறினால் தொல்லை. நின்றபடி முழங்கால் சில்லின் நடுவில் நாடாவால் சுற்றி அளந்து, அந்தத் தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். 'எம்' என்பது எல்லாக் கம்பெனியிலும் ஒரே அளவு அல்ல. கழற்றினால் ஆழமான தடம் விழுவது, பாதம் மதமதப்பது, உறைக்குக் கீழே வீங்குவது இருந்தால் சின்ன அளவு. இரவில் போட வேண்டாம். நாள் முழுக்கப் போட்டு மூட்டை அசைக்காமல் வைத்தால் தொடைத் தசை மெலிந்து வலி கூடும்.

ஒரு காலின் கெண்டைத் தசை மட்டும் வலித்து, வீங்கி, சூடாக இருந்தால் உறை போடுவதையும் தேய்ப்பதையும் விட்டுவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். குடல் அழற்சி நோயில், குறிப்பாக நோய் ஏறியிருக்கும்போது, காலில் இரத்தம் உறையும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். தசைப் பிடிப்பு என்று நினைத்துப் பிடித்துவிடுவது அங்கே உயிருக்கே ஆபத்து.

தோலில் ஒட்டி மின்துடிப்பு செலுத்தும் டென்ஸ் கருவிக்கான ஆதாரம் கலவையானது. மின்துடிப்பு ஓடும் நேரத்தில் வலி குறைவதாகச் சிலர் உணர்கிறார்கள், நிறுத்தியதும் திரும்பிவிடும். குடலுக்கு எதுவும் செய்யாது என்பது இதன் பலம். 80 முதல் 100 ஹெர்ட்ஸ், சுறுசுறுவென்று உறைக்கும் ஆனால் வலிக்காத அளவு, 30 நிமிடம் என்று தொடங்கலாம். பேஸ்மேக்கர் இருந்தால் கூடாது. கர்ப்பமோ வலிப்பு நோயோ இருந்தால் கேட்காமல் கூடாது. ஸ்டோமா இருக்கும் வயிற்றுப் பகுதியில் ஒட்ட வேண்டாம்.

சத்து மாத்திரைகளில் பணம் வீணாவது அதிகம். குளுக்கோசமைன் தேய்மானத்துக்கென்று விற்கப்படுவது. அழற்சி மூட்டுக்குப் பொருந்தாது. மீன் எண்ணெய் அதிக அளவில் பேதியாக்கும். மஞ்சள் சாற்று மாத்திரைகளில் மிளகுச் சத்து சேர்த்து உறிஞ்சலைக் கூட்டிய வகைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு, அசாதயோப்ரின் சாப்பிடுபவர் தானாகத் தொடங்கக் கூடாது. மூலப்பொருள் எழுதாத 'மூட்டு வலிப் பொடி' எதையும் தொடாதீர்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

மக்னீசியமும் வைட்டமின் டி-யும் வேறு கதை. நீண்ட பேதியால் மக்னீசியமும் பொட்டாசியமும் இறங்கினால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். வைட்டமின் டி இறங்கினால் எலும்பும் தொடையும் உளையும். இரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்தால் இவைதான் இந்தப் பட்டியலிலேயே மிக நல்ல வலி மருந்து, குறைவு இல்லையென்றால் பயனில்லை. மக்னீசியம் ஆக்சைடு, சிட்ரேட் இரண்டும் பேதியைக் கிளப்பும், கிளைசினேட் சற்று மென்மை. வைட்டமின் டி-யை உணவோடு எடுங்கள். வாரம் ஒரு முறைக்கான அதிக அளவு மாத்திரையைத் தினமும் விழுங்குவது அடிக்கடி நடக்கும் தவறு, கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்கும். நரம்பு வழியாக இரும்புச் சத்து ஏற்றிய பிறகு புதிதாகத் தசைத் தளர்ச்சியும் எலும்பு வலியும் வந்தால் பாஸ்பேட் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் அதைக் குறைக்கக்கூடியது.

வாங்கும் எதுவும் சரிசெய்ய முடியாத வலிகளும் உண்டு. ஸ்டீராய்டைக் குறைக்கும்போது உடம்பெல்லாம் வலிப்பது, அசாதயோப்ரின் தொடங்கிய முதல் வாரங்களில் காய்ச்சலோடு உடல்வலி வருவது, சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் சாப்பிடும்போது குதிகால் தசைநாண் வலிப்பது எல்லாம் மருந்தை எழுதியவரிடம் சொல்ல வேண்டியவை. கடைசியாகச் சொன்னதில் அடுத்த வேளையைப் போடாமலே அழையுங்கள். ஸ்டீராய்டு நிறையச் சாப்பிட்டவருக்குக் கவட்டையில் தொடர்ந்து வலி இருந்தால் இடுப்பு மூட்டில் உள்ள தொடை எலும்பு முனைக்கு இரத்தம் போகிறதா என்று எம்ஆர்ஐ பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயில் தொடக்கத்தில் தெரியாது. கிரோன் நோயில் காய்ச்சலோடு, காலை நீட்டினால் இடுப்பு மடிப்பில் வலித்தால் உள்ளே சீழ்க்கட்டி இருக்கலாம். ஒரே மூட்டு திடீரென்று வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், கண் சிவந்து வலித்தால், சிறுநீர் கட்டுப்பாடு போனால் அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

ஜெல்லும் பாராசிட்டமாலும் மூன்று வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால், குடல் மருத்துவரிடமும் மூட்டு மருத்துவரிடமும் ஒரே குறிப்பைக் கொடுங்கள்: எந்த மூட்டுகள், வீக்கம் உண்டா, காலை விறைப்பு எத்தனை நிமிடம், அந்த நாட்களில் மலம் எத்தனை முறை. இருவரும் கலந்து பேசுவது ஏன் முக்கியம் என்றால், ஒன்றுக்கு நல்லது மற்றதற்குக் கெடுதலாகலாம். இந்த நோய்களுக்குக் கொடுக்கும் உயிரியல் ஊசிகளில் வீடோலிசுமாப் குடலில் மட்டும் வேலை செய்கிறது, மூட்டுக்கு உதவாது. எட்டனர்செப்ட் மூட்டுக்கு உதவும், கிரோன் நோய்க்கு உதவாது. முதுகுத்தண்டுக்குக் கொடுக்கும் செகுகினுமாப் குடல் நோயைக் கிளப்பக்கூடும். சல்ஃபசலசீன் மாத்திரை கை கால் மூட்டுகளுக்குப் பயன்படும், முதுகுத்தண்டுக்கு இல்லை. அடாலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப் ஊசிகள் இரண்டும் குடல், மூட்டு இரண்டுக்கும் வேலை செய்பவை.